டெஸ்மண்டின் பின்னறைக்கு வந்த ஆபத்து

பெரில் தானாக வந்து கேட்டாள். அதிலேதான் டெஸ்மண்டுக்கு மூக்கில் வியர்த்தது.

கேட்டது ஒன்றும் பெரிய விஷயமில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வெளியே மழை. வட இங்கிலாந்தின் ஸ்கிப்டனில் மழை பெய்வதை யாரும் சேதியாகச் சொல்வதில்லை. டெஸ்மண்ட் பிக்கர்ஸ்கில் மாட்டு வறுவலும் உருளைக்கிழங்கும் ஒரு பிடி பிடித்துவிட்டுத் தன் நாற்காலியில் சாய்ந்திருந்தார். மனைவி பெரில் தேநீரைக் கொண்டுவந்து வைத்தாள். கூடவே இஞ்சி பிஸ்கட்டையும் வைத்தாள், கேட்காமலே. வைத்துவிட்டு நகராமல் நின்றாள்.

"டெஸ் கண்ணு, அந்தக் கால்வாய்ப் படம் ஒண்ணு போடேன். சேர்ந்து பார்க்கலாம்."

கண்ணு. அந்த வார்த்தை இந்த வீட்டில் கடைசியாக எப்போது கேட்டது என்று டெஸ்மண்ட் யோசித்தார். நல்ல நிலையில் இருந்த பழைய சோஃபாவைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியது வாங்கிய வருஷம். அதற்கு முன்னால், அவளுடைய அக்கா ஒரு வாரம் என்று வந்து ஒரு மாதம் தங்கிய வருஷம். அந்த வார்த்தை வந்தால் பின்னாலேயே ஏதோ ஒன்று வரும். அல்லது போகும்.

"எந்தப் படம்?" என்றார் ஜாக்கிரதையாக.

"அதான், கோடு போட்ட கால்சட்டை மாட்டிக்கிட்டு ஒருத்தர் படகு மேல நின்னு பேசுவாரே."

அதற்குப் பெயர் 'நீர்வழி நாடு'. எண்பத்தொன்றில் டிவியில் பதிமூன்று வாரம் ஓடியது. ஹம்ஃப்ரி லாங்டன் என்று ஒரு மனிதர் பழுப்பு கார்டுராய் கால்சட்டையோடு படகில் ஏறி இங்கிலாந்தின் கால்வாய்களை எல்லாம் சுற்றிக் காட்டுவார். மெதுவாகப் பேசுவார். ஒரு வாக்கியத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் நீங்கள் எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு வரலாம். ஒரு மணி நேரம் முழுக்க ஒரே ஒரு படகு, மேல்மட்டத்துக்குத் தூக்கிவிடும் ஒரே ஒரு மதகில் ஏறும். கதவு மூடும், தண்ணீர் ஏறும், படகும் ஏறும். கூடவே டெஸ்மண்டின் கண்ணிலும் தண்ணீர் ஏறும். அந்த நிகழ்ச்சியின் ஆரம்ப இசையைக் கேட்டாலே அவருக்கு உடம்பு சிலிர்க்கும். பித்தளை வாத்தியங்கள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து பொங்கிக்கொண்டு வரும்.

பெரிலுக்கும் உடம்பு சிலிர்க்கும். எரிச்சலில். "ஒரு தடவை பார்த்தா போதாதா, தண்ணி மேலதானே ஏறுது, வேற எங்க போகும்" என்பதுதான் இத்தனை வருஷமும் அவளுடைய கருத்து. அந்தப் பெரில்தான் இப்போது பக்கத்தில் உட்கார்ந்து பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துக்கொண்டு, படம் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

டெஸ்மண்ட் மாடிக்குப் போய்ப் பின்னறையைத் திறந்தார். தரையிலிருந்து கூரைவரை வீடியோ கேசட்டுகள். ரயில் பற்றி, பறவை பற்றி, கல்சுவர் கட்டுவது பற்றி, அந்தக் காலத்து டிவி எதைப் பற்றியெல்லாம் பொறுமையாகப் பேசியதோ அத்தனையும். எல்லாம் அவரே தன் கையால் பதிவு செய்தவை. தெருவிலேயே முதலில் வீடியோ வாங்கியவர் அவர்தான். அந்த அறைக்கு நடுவே ஒரு ஆள் ஒருச்சாய்த்து நிற்க இடம் இருந்தது. ஜன்னல் கால்வாயைப் பார்த்தது, ஆனால் அதைப் பார்க்க வேண்டுமென்றால் ரயில்களை நகர்த்தவேண்டும்.

இந்த அறைதான் அந்த வீட்டின் பழைய சண்டை. கல்யாணத்துக்கு முன்னால் பெரில் ஊர் மில்லின் பேண்டு வாத்தியக் குழுவில் கார்னெட் ஊதுவாள். சின்ன ஊதுகுழல்தான், ஆனால் தெருக்கோடி வரை கேட்கும். கல்யாணமாகி வந்த புதிதில் பின்னறையில் நின்று பழகுவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அதற்குள் டெஸ்மண்ட் வீடியோ வாங்கிவிட்டார். அவர் பதிவு செய்யும்போது வீட்டில் ஒரு ஸ்பூன் கீழே விழக்கூடாது. அப்புறம் கார்னெட்டாவது ஒன்றாவது. அது மாடிப்படிக்கு அடியில் பெட்டிக்குள் போனது, கேசட்டுகள் அறைக்குள் போயின.

பெரில் அவ்வப்போது அறையைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். கடைசியாக ஒரு கிறிஸ்துமஸ் விருந்தில், அவளுடைய அக்கா முன்னிலையில் கேட்டாள். அந்த வருஷம்தான் டெஸ்மண்ட் முதல் தடவையாகப் பழைய ஆவணப்பட ரசிகர் சங்கத்தின் வினாடிவினாவில் ஜெயித்துக் கேடயம் கொண்டுவந்திருந்தார். ஜெயித்த மிதப்பு, கூடவே கொஞ்சம் ஷெர்ரி ஒயின். எழுந்து நின்று அறிவித்துவிட்டார். "வருஷா வருஷம் இந்தக் கேடயத்துல என் பேர் ஏறுற வரைக்கும் அந்த ரூம் என்னோடது. என்னைக்கு வேற ஒருத்தர் பேர் ஏறுதோ, அன்னைக்கே காலி பண்ணித் தந்துடறேன். எல்லாரும் சாட்சி." அதற்குப் பிறகு வேறு யார் பெயரும் ஏறவில்லை. பெரிலும் கேட்பதை விட்டுவிட்டாள். டெஸ்மண்ட் அதை வெற்றி என்று எடுத்துக்கொண்டார்.

இப்போது, இந்த வருஷ வினாடிவினாவுக்கு இன்னும் சில வாரங்களே இருக்கும்போது, கண்ணு என்கிறாள்.

அன்று முழு நிகழ்ச்சியையும் அவள் பார்த்தாள். தூங்கவில்லை. பின்னல் வேலையைக் கையில் எடுக்கவில்லை. ஆரம்ப இசை வந்தபோது தலையை ஒருபக்கமாகச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "இன்னொரு தடவை போடு" என்றாள். அவர் திருப்பிப் போட்டார். மறுபடி கேட்டுவிட்டு, நெற்றியைச் சுருக்கி, ஏதோ சொல்ல வந்து, சொல்லாமல் விட்டாள். அப்புறம் கேள்விகள். கரையில நடந்து படகை இழுக்குதே, அந்தக் குதிரைக்கு என்ன பேர், அந்த நாய் யாருது, அவர் ஏன் எப்பவும் இடது பக்கமே நிக்கறார். டெஸ்மண்டுக்கு உள்ளே ஒரு பக்கம் தேன் வழிந்தது. இன்னொரு பக்கம் புளி கரைந்தது.

மறுநாள் வேலிக்கு மேலாகப் பக்கத்து வீட்டுக் கெய்த்திடம் விஷயத்தைச் சொன்னார். கெய்த் குப்பைத்தொட்டியைத் தெருவுக்கு உருட்டிக்கொண்டு போனவர், நிறுத்திவிட்டு வந்தார்.

"பிஸ்கட் குடுத்தாங்களா?"

"குடுத்தா."

"கேக்காமயே?"

"கேக்காமயே."

கெய்த் தலையை மெதுவாக ஆட்டினார். "என் வீட்டுக்காரி கடைசியா இப்படி அன்பா நடந்துக்கிட்டப்போ என் மோட்டார் பைக் போயிடுச்சு, டெஸ். நான் பைக்கில உட்கார்ந்து படம் எடுத்துக் குடுன்னு கேட்டா. நானும் பெருமையா உட்கார்ந்தேன். அந்தப் படத்தைப் பேப்பர்ல போட்டுத்தான் வித்திருக்கா."

டெஸ்மண்ட் அன்றைக்கே கடைத்தெருவுக்குப் போய் ஒரு பூட்டு வாங்கிவந்து பின்னறைக் கதவில் மாட்டினார். எதற்கு என்று பெரில் கேட்டாள். திருட்டு பயம் என்றார். "யாரு, இதையா?" என்று மட்டும் கேட்டுவிட்டு அவள் கீழே போனாள். கீழே போகும்போது எதையோ முணுமுணுத்துக்கொண்டே போனாள். டெஸ்மண்ட் படிக்கட்டில் அப்படியே நின்றார். 'நீர்வழி நாடு' இசை அது.

அதிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை என்று சொல்லமாட்டேன். இறங்கியது. ஆனால் ஒவ்வொரு கவளத்துக்கும் நடுவில் அவளைப் பார்த்தார். பாத்திரம் தேய்க்கும்போது முணுமுணுத்தாள். துணி உலர்த்தும்போது முணுமுணுத்தாள். வியாழக்கிழமை மத்தியானம் தோழி பாலின் வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போவாள், திரும்பி வரும்போது முணுமுணுப்பு உச்சத்தில் இருக்கும், கன்னம் சிவந்திருக்கும். பாலின் வீட்டில் அப்படி என்ன இருக்கிறது என்று டெஸ்மண்டுக்குப் புரியவில்லை. பாலின் வீட்டில் இருப்பது பாலினும் ஒரு கிழட்டுப் பூனையும்தான்.

அடுத்த வியாழக்கிழமை சந்தையில் மீன் வண்டிக்கு முன்னால் பாலினையே பார்த்துவிட்டார். பெரில் கிளம்பிப் போன பின்பு. பாலின் ஹாடக் மீனின் வாலைப் பிடித்துத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பெரில் எப்படி இருக்கா, டெஸ்மண்ட்? பார்த்து ரொம்ப நாளாச்சு" என்றாள்.

டெஸ்மண்ட் ஒன்றும் வாங்காமல் வீட்டுக்கு வந்தார். அவர் நகராட்சியில் கழிவுநீர்ப் பிரிவில் முழு உத்தியோக காலத்தையும் கழித்தவர். எங்கே நாற்றம் வந்தாலும் அதைப் பின்தொடர்ந்து போய் இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் தொழில். மறு வியாழக்கிழமை பெரில் கதவைச் சாத்திவிட்டுப் போனதும், மழைக்கோட்டின் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு பின்னாலேயே கிளம்பினார். அவள் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. கால்வாய்ப் பாதையில் நடந்து, பாலத்தில் ஏறி, ஒரு பச்சைக் கதவுள்ள கராஜுக்குள் போனாள். தட்டாமலே போனாள்.

அது நெவில் கிராப்ட்ரீயின் கராஜ்.

நெவில் யார் என்று சொல்லவேண்டும். ரசிகர் சங்கத்தில் வருஷா வருஷம் டெஸ்மண்டுக்கு அடுத்த இடத்தில் வருகிறவர். மனைவியை இழந்தவர். மீசையை அழகாக வெட்டிவிடுகிறவர். டெஸ்மண்ட் சுவரோரமாகப் போய்க் கதவில் காதை வைத்தார். உள்ளே 'நீர்வழி நாடு' இசை. பொங்கி வருகிற அந்த இடம். ஆனால் திக்கித் திக்கி, நின்று, மறுபடி அதே இடத்திலிருந்து. தேய்ந்துபோன டேப்பை வைத்துக்கொண்டு இந்த மனிதன் அவஸ்தைப்படுகிறான் என்று டெஸ்மண்டுக்குக் கொஞ்சம் பரிதாபம்கூட வந்தது. அப்போது பெரில் சிரித்தாள். வீட்டில் அவள் அப்படிச் சிரித்து அவர் கேட்டதில்லை. இசை கேட்டும் அவருக்குச் சிலிர்க்கவில்லை.

திரும்பி நடந்து வரும் வழியில் எல்லாம் விளங்கிவிட்டது. குதிரையின் பேர் என்ன, நாய் யாருடையது என்று ஞாயிற்றுக்கிழமை அவரிடம் கேட்கிறாள். வியாழக்கிழமை போய் அதை நெவிலிடம் ஒப்பிக்கிறாள். நெவில் வினாடிவினாவில் ஜெயிப்பான். கேடயத்தில் நெவில் பெயர் ஏறும். பின்னறை காலியாகும். காதல் கீதல் எல்லாம் இல்லை, அந்த வயதைத் தாண்டிவிட்டார்கள். இது அதைவிட மோசம். இது அறைக்கான சதி.

கெய்த்திடம் சொன்னபோது அவர் இரண்டே வார்த்தையில் வழி காட்டினார். "மாத்திச் சொல்லு."

"எதை?"

"எல்லாத்தையும். அவங்க கேட்டா தப்புத் தப்பாச் சொல்லு. அங்க போய் அதையே ஒப்பிப்பாங்க. மேடையில அந்த மீசைக்காரன் அதையே சொல்லட்டும். நீ முன்வரிசையில உட்கார்ந்து வேடிக்கை பாரு."

டெஸ்மண்டுக்கு இவ்வளவு பிரமாதமான யோசனை தனக்கு வரவில்லையே என்றுதான் வருத்தம். அந்த ஞாயிற்றுக்கிழமையே ஆரம்பித்தார். வீடியோவின் தலை அழுக்காகிவிட்டது, படம் போடமுடியாது, வாயாலேயே சொல்கிறேன் என்றார். பெரில் அதற்கும் சரி என்று எதிரில் உட்கார்ந்தாள்.

"அந்த விகன் ஊர் மதகுல படகை இழுத்துச்சே ஒரு வெள்ளைக் குதிரை" என்றாள். "அதோட பேர் என்ன சொன்ன, டாலியா?"

"சாம்சன்."

"போன தடவை டாலின்னு சொன்ன மாதிரி இருந்துச்சு."

"டாலி வேற குதிரை. அது வேற எபிசோடு. இது சாம்சன். ஆண் குதிரை."

"அந்த நாய்? படகுக்காரரோடதா?"

"சேச்சே. ஹம்ஃப்ரியோட சொந்த நாய். எங்க போனாலும் கூட்டிட்டுப் போவார்."

"அவர் தொப்பி பழுப்புதானே?"

"பச்சை. டிவியில கலர் சரியாத் தெரியாது."

பெரில் அவரை ஒரு கணம் பார்த்தாள். "நல்லா ஞாபகம் இருக்கா, டெஸ்?"

"யாரைப் பார்த்துக் கேக்கற? கேடயம் எங்க இருக்குன்னு திரும்பிப் பாரு."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. தேநீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். அதற்கடுத்த வியாழக்கிழமை திரும்பி வந்தபோது முணுமுணுப்பு இல்லை. வாயை இறுக்கி மூடிக்கொண்டு கோட்டைக் கழற்றி மாட்டினாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வழக்கம்போல வந்து உட்கார்ந்து கேட்டுக்கொண்டாள், முன்னைவிட அதிகமாகவே. எதுவும் மறுத்துப் பேசவில்லை. எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாள். டெஸ்மண்டுக்குப் பொய் சொல்வதில் ஒரு ருசியே வந்துவிட்டது. சாம்சனுக்கு ஒரு ஜாதகமே எழுதினார். அது எந்த ஊரில் பிறந்தது, என்ன கேரட் பிடிக்கும், கிழடான பிறகு எந்தப் புல்வெளியில் ஓய்வெடுத்தது எல்லாம் சொன்னார். குளிக்கும்போதுகூடச் சாம்சனைப் பற்றி யோசித்தார். அவள் மறுபடி மறுபடி அந்தக் குதிரையைப் பற்றியே கேட்டாள். அவர் மறுபடி மறுபடி சொன்னார்.

வினாடிவினா சனிக்கிழமை மத்தியானம், மெதடிஸ்ட் தேவாலயத்தின் பக்கத்து மண்டபத்தில். வழக்கமான கூட்டம்தான். கம்பளிச் சட்டைகள், ஈரக் குடைகள், சாசேஜ் ரோல் வாசனை. பெரில் வழக்கம்போல ஏப்ரன் கட்டிக்கொண்டு பெரிய தேநீர்க் கொதிகலத்துக்குப் பின்னால் நின்றாள். டெஸ்மண்ட் மேடையில் தன் நாற்காலியில் போய் உட்கார்ந்து எதிர் நாற்காலியைப் பார்த்தார். காலியாக இருந்தது. நெவில் நடுவில், கேள்வி கேட்கிறவரின் மேசையில், பழைய கிராமபோன் பெட்டியோடு உட்கார்ந்திருந்தார்.

"என்ன நெவில், இடம் மாறி உட்கார்ந்துட்ட?"

"வருஷா வருஷம் தோத்துத் தோத்து அலுத்துப்போச்சு, டெஸ்மண்ட். இந்த வருஷம் நான் கேள்வி கேக்கறேன்."

டெஸ்மண்டுக்குக் காலடியில் மேடை லேசாக ஆடியது. அப்படியானால் சாம்சனை எல்லாம் யாருக்காகச் சொன்னோம்? யோசித்துக்கொண்டிருக்கும்போதே நெவில் எழுந்து, சங்க உறுப்பினர்களும் அவர்கள் வீட்டாரும் யார் வேண்டுமானாலும் போட்டியிடலாம், யாராவது உண்டா என்று கேட்டார்.

பெரில் ஏப்ரனை அவிழ்த்து மடித்துக் கொதிகலத்தின் மேல் வைத்தாள். மேடையேறி வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். கூட்டத்தில் யாரோ கை தட்டினார்கள். கெய்த்தாகத்தான் இருக்கவேண்டும். அவருக்கு யார் ஜெயித்தாலும் வேடிக்கைதான்.

ஆரம்பத்தில் டெஸ்மண்ட் பதறவில்லை. ஒன்றுக்குப் பின் ஒன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். பெரிலும் சொல்லிக்கொண்டே போனாள். நாய் படகுக்காரருடையது என்றாள். தொப்பி பழுப்பு என்றாள். சொல்லும்போது அவரைப் பார்க்கவே இல்லை. டெஸ்மண்டுக்குக் காது சூடாகியது. தான் சொன்ன ஒரு பொய்கூட அந்தத் தலைக்குள் போய்ச் சேரவில்லை. எல்லாவற்றையும் எங்கேயோ சரிபார்த்திருக்கிறாள். எங்கே என்று கேட்கவும் வேண்டுமா, மீசை நடுவில் உட்கார்ந்திருக்கிறது.

ஒரு தேதிக் கேள்வியில் பெரில் தவறினாள். டெஸ்மண்ட் மூச்சை விட்டார். ஒரு புள்ளி முன்னால். நெவில் கடைசிக் கேள்வியை அவரிடம் கேட்டார்.

"விகன் மதகுல படகை இழுத்த வெள்ளைக் குதிரையோட பேர் என்ன?"

இதற்கு யோசிக்கக்கூட வேண்டாம். போன வருஷம் இந்தக் கேள்விக்குத்தான் நெவிலைத் தோற்கடித்துக் கேடயம் வாங்கினார். டெஸ்மண்ட் வாயைத் திறந்தார்.

"சாம்சன்" என்றது வாய்.

டெஸ்மண்ட் தன் வாயைக் கையால் பொத்தினார். அது தாமதமான காரியம். இத்தனை வாரமாகக் குளிக்கும்போதும் தூங்கும்போதும் வளர்த்த குதிரை, சமயம் பார்த்து ஓடிவந்து நின்றுவிட்டது. நெவில் பெரிலின் பக்கம் திரும்பினார். அவள் டாலி என்றாள். சமம்.

சமமானால் இசைச் சுற்று, அதுதான் சங்கத்தின் வழக்கம். ஒரு நிகழ்ச்சியின் ஆரம்ப இசையில் முதல் துளியை மட்டும் போடுவார்கள், யார் முதலில் சொல்கிறார்களோ அவர் கேடயத்தை எடுத்துப்போகலாம். டெஸ்மண்டுக்கு உயிர் வந்தது. இசைச் சுற்றில் அவரை அசைக்க அந்த மாவட்டத்திலேயே ஆள் கிடையாது. நெவில் இசைத்தட்டின் மேல் ஊசியை வைத்தார்.

தனியாக ஒரு கார்னெட். மூன்றே சுரம். நெவில் ஊசியைத் தூக்கிவிட்டார்.

டெஸ்மண்ட் தலைக்குள் பின்னறையின் அலமாரிகளை எல்லாம் கலைத்தார். ரயிலா? இல்லை. பறவையா? பறவைக்குப் புல்லாங்குழல். கல்சுவருக்கு வயலின். அவரிடம் இருக்கிற ஒரு கேசட்டும் இப்படி ஆரம்பிப்பதில்லை. சத்தியமாக இல்லை. இந்த நெவில் அவரிடம் இல்லாத ஏதோ ஒன்றைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்திருக்கிறான்.

"கலங்கரை விளக்கம் பத்தி ஏதோ ஒண்ணு" என்றார்.

"நீர்வழி நாடு" என்றாள் பெரில்.

டெஸ்மண்ட் எழுந்து நின்றுவிட்டார். தான் 'நீர்வழி நாடு' இசையைத் தன் சொந்தப் பெயரைவிட அதிகமாகக் கேட்டிருப்பதாகவும், அது பேண்டு முழுவதும் சேர்ந்து பொங்கித்தான் ஆரம்பிக்கும் என்றும், இது மோசடி என்றும் சொன்னார். நெவில் ஊசியைத் திரும்ப வைத்தார். இந்தத் தடவை தூக்கவில்லை. தனியாக அந்தக் கார்னெட், மூன்று சுரம், ஒரு சின்ன இடைவெளி. அதற்குப் பிறகு பேண்டு முழுவதும் பொங்கிக்கொண்டு வந்தது.

டெஸ்மண்ட் நின்றபடியே கேட்டார். அத்தனை வருஷம் காதலித்த ஒன்றின் முகத்தை முதல் தடவையாகப் பார்த்ததுபோல் இருந்தது. அழகாக இருந்தது. அதுதான் அவரால் தாங்கமுடியவில்லை.

"உன் டேப்ல அது கிடையாது, டெஸ்" என்றாள் பெரில். முதல் தடவையாக அவரைப் பார்த்தாள், கோபமாகக்கூட இல்லை. "முன்னால அறிவிப்பாளர் பேசறது டேப்புல விழக்கூடாதுன்னு பட்டன் மேல விரலை வச்சுக்கிட்டு மண்டி போட்டு உட்கார்ந்திருப்ப. அவர் வாயை மூடினதும் அமுக்குவ. அந்த மெஷின் முனகிக்கிட்டு எழுந்து சுத்த ஆரம்பிக்கறதுக்குள்ள மூணு சுரமும் போயிடும். உன் காது அந்த முனகல்லதான் இருக்கும். பதிமூணு வாரமும் அப்படித்தான்."

மண்டபத்தில் பாதிப் பேர் தரையைப் பார்த்தார்கள். அவர்கள் வீட்டுக் கேசட்டுகளுக்கும் தலை கிடையாது.

கேடயத்தைப் பெரில் வாங்கினாள். தூக்கிக்கொண்டு வரும் வேலையை டெஸ்மண்டிடம் கொடுத்தாள். கால்வாய்ப் பாதையில் இருவரும் ஒரே குடையில் நடந்தார்கள், குடை பெரும்பாலும் அவள் பக்கம். வீட்டுக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போது டெஸ்மண்ட் தாங்கமாட்டாமல் கேட்டார், நெவில் கராஜில் என்னதான் நடக்கிறது என்று.

பேண்டுதான் நடக்கிறது. நெவில் பழைய மில் பேண்டுக்காரர்களை மறுபடி சேர்க்கிறார். கோடைக் கச்சேரியில் 'நீர்வழி நாடு' வாசிக்கப்போகிறார்கள். ஆரம்பத்தில் தனியாக வருகிற அந்த மூன்று சுரம் பெரிலுடையது. மாடிப்படிக்கு அடியிலிருந்து கார்னெட்டை எடுத்து மாதக்கணக்கில் ஆகிறது, அவர் கவனிக்கவில்லை. அவரை முன்வரிசையில் உட்காரவைத்து ஆச்சரியப்படுத்தவேண்டும் என்று இருந்தாளாம். இந்த வயதில் ஊதுகிறாளாம் என்று சிரிப்பார் என்ற பயமும் இருந்ததாம். அதனால்தான் பாலின் வீடு என்று சொன்னது.

டெஸ்மண்ட் கேடயத்தை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். முழுக்கத் தோற்றுவிட்டார், ஒத்துக்கொள்கிறார். ஆனால் ஒரு விஷயத்திலாவது தான் சரியாகக் கணித்ததாகச் சொல்லிக்கொள்ளவேண்டுமே.

"எதுக்கு இந்தச் சமாதானமெல்லாம், பெரில். எல்லாம் அந்த ரூமுக்காகத்தானே. பிஸ்கட்டோட வந்து கண்ணுன்னு கூப்பிட்டியே, அப்பவே கண்டுபிடிச்சிட்டேன்."

பெரில் நின்றாள். அவர் முகத்தை நிஜமாகவே புரியாமல் பார்த்தாள்.

"அன்னைக்கு அந்த இசை எப்படிப் போகும்னு கேக்க வந்தேன். அப்புறம் நீ குதிரையைப் பத்தி, நாயைப் பத்தி எல்லாம் சொல்றதைக் கேட்டுட்டு உட்கார்ந்திருக்கப் பிடிச்சிருந்துச்சு. அதான் ஒவ்வொரு வாரமும் வந்தேன். நீ சொன்னதை நெவில்கிட்டயும் சந்தோஷமாச் சொல்வேன். சாம்சன்னு சொன்னப்போ அவர் சிரிச்சிட்டார். போன வருஷம் டாலின்னு சொல்லித்தானே உன் புருஷன் என்னை ஜெயிச்சார்னார். அப்பதான் புரிஞ்சது, நீ வேணும்னே பொய் சொல்றன்னு. எதுக்குப் பொய் சொல்றன்னு யோசிச்சேன். ரெண்டு நாள் யோசிச்சேன், கேடயம் போயிடுமோங்கற பயம்னு விளங்கிச்சு."

குடையைத் தன் பக்கம் இன்னும் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள்.

"எனக்கு நெவில் கராஜே போதும்னுதான் இருந்தேன், டெஸ். நீ பொய் சொல்ல ஆரம்பிச்சப்புறம்தான் அந்த ரூம் ஞாபகமே வந்துச்சு."